எங்க உட்காருவீங்க?

வீட்டுக்கு இன்டர்நெட் போட வருகிறவர்கள் முதலில் சுவரைத்தான் பார்ப்பார்கள். எங்கே துளை போடலாம், எங்கே பிளக் இருக்கிறது என்று அவர்கள் கண் ஓடும். ஆனால் எங்கள் வீட்டுக்கு வந்த அம்மா வாசலில் செருப்பை விட்டுவிட்டு உள்ளே வந்ததும் எங்கள் மூன்று பேர் முகத்தையும் பார்த்தார். சேலைக்கு மேல் ஆண்கள் போடும் முழுக்கைச் சட்டை. தோளில் ஒரு மஞ்சள் பை. அதற்குள் ஆணியும் கிளிப்பும் கலகலவென்று சத்தம் போட்டன. நாற்பத்தைந்து வயதிருக்கும்.

“எங்க உட்காருவீங்க?” என்றார்.

என் வீட்டுக்காரர் பதறிப்போய், இருந்த ஒரே நாற்காலியை அவர் பக்கம் தள்ளினார்.

“எனக்கு இல்ல சார். நீங்க எங்க உட்காருவீங்க? போன் பார்க்கிறப்ப, பேசுறப்ப, எந்த இடம்? நெட் பொட்டிக்கு இடம் அப்புறம் பார்த்துக்கலாம். ஆளுக்கு இடம் முதல்ல.”

அவர் பெயரை நான் கடைசி வரை கேட்கவில்லை. என் போனில் ‘கேபிள் அம்மா’ என்றுதான் இருக்கிறது. ஸ்ரீரங்கத்தில் எங்கள் பக்கத்து வீடுகளுக்குக் கேபிளும் இன்டர்நெட்டும் அவர் கொடுத்ததுதான். இப்போது தொழிலை வேறொருவரிடம் விட்டுவிட்டு மகனோடு ஓசூருக்குப் போய்விட்டார். ஆனாலும் யாராவது வீடு மாறுகிறோம், இன்டர்நெட் போடணும் என்று சொன்னால், என் வாயில் அவருடைய கேள்விதான் முதலில் வருகிறது.

நாங்கள் திருச்சி கே.கே. நகரில் இருபது வருஷம் வாடகைக்கு இருந்தவர்கள். என் வீட்டுக்காரருக்கு ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வேலை. நான் எட்டாவதோடு நின்றவள். பெருமாளிடம் நான் வைத்திருந்த ஆசை ஒன்றே ஒன்று. காலையில் எழுந்தால் கோபுரம் கண்ணில் பட வேண்டும், சித்திரைத் தேர் என் வாசல் வழியாகப் போக வேண்டும். வீட்டுக்காரர் ரிட்டயர் ஆன வருஷம் மேலச்சித்திரை வீதியில் ஒரு பழைய வீடு வாடகைக்கு வந்தது. கூரை கொஞ்சம் ஒழுகும் என்றார்கள். பரவாயில்லை என்று வந்துவிட்டோம்.

அந்தச் சமயத்தில்தான் எங்கள் மகளின் விஷயமும் சேர்ந்துகொண்டது. அவளுக்குச் சென்னையில் ஒரு கம்பெனியில் வேலை. வெளிநாட்டு ஆஸ்பத்திரிகளின் குறிப்புகளைப் படித்து, ஒவ்வொரு வியாதிக்கும் ஒரு நம்பர் போட வேண்டும். மூன்று வருஷம் ஹாஸ்டலில் இருந்தாள். அங்கே அவளுக்கு ஒருமுறை மஞ்சள் காமாலை வந்து பத்து நாள் தனியாகப் படுத்துக் கிடந்திருக்கிறாள். எழுந்து நடமாடத் தொடங்கிய பிறகுதான் எங்களுக்குச் சொன்னாள். “சொன்னா நீ பயந்துருவேம்மா” என்றாள். சொல்லாததால் எத்தனை பயந்தேன் என்று அவளுக்கு இன்றைக்கும் தெரியாது. கம்பெனியில் கெஞ்சி, வீட்டிலிருந்தே வேலை பார்க்க அனுமதி வாங்கினாள். அதற்கு ஒரு நிபந்தனை வைத்தார்கள். அவர்கள் சொல்லும் நாளில் காலை எட்டு மணியிலிருந்து பத்து மணி வரை, அவர்கள் அங்கிருந்து கவனிக்க, வீட்டு லைனில் வேலை செய்து காட்ட வேண்டும். நடுவில் ஒரு தடவை லைன் போனாலும் அடுத்த திங்கட்கிழமை சென்னைக்கே திரும்பிவிட வேண்டும்.

அதனால் என் வீட்டுக்காரர் நாலு கம்பெனி நோட்டீஸை வாங்கி, பிரிக்காத அட்டைப்பெட்டிகளின் மேல் பரப்பி, மூக்குக்கண்ணாடியோடு குனிந்து கிடந்தார். அந்த அம்மா வந்ததும் ஒரு நோட்டீஸை எடுத்து நீட்டினார்.

“இருக்கிறதிலேயே வேகமானது இதுதாம்மா. இதையே போட்டுருவோம்.”

“சார், வீட்ல மூணு பேரு. கல்யாண மண்டபமா நடத்தப் போறீங்க?”

“அதுக்கில்லம்மா. பொண்ணு வேலை பார்க்கணும். நடுவுல கட் ஆகக் கூடாது.”

“வேகம் வேற, அறுந்து போகாம இருக்கிறது வேற சார். உங்க ரயிலு எவ்வளவு வேகமா வேணாலும் போகும். தண்டவாளம் விட்டுப்போச்சுன்னா என்ன பண்ணுவீங்க?”

முப்பத்தாறு வருஷம் ரயில்வேயில் இருந்த மனிதரிடம் தண்டவாளத்தைப் பற்றிச் சொன்னால் அவர் என்ன பேசுவார்? நாலு நோட்டீஸையும் மடித்து வைத்துவிட்டார். நடுத்தரமான ஒரு திட்டத்தை எடுத்தோம். அதுவே எங்களுக்கு இன்று வரை மீந்து கிடக்கிறது.

பிறகு அவர் வீடு முழுக்க உட்கார்ந்து பார்த்தார். உண்மையாகவே உட்கார்ந்தார். மகள் மேஜை போடப் போகும் அறையில் தரையில் சம்மணம் போட்டுக் கதவைச் சாத்தச் சொன்னார். கூடத்தில் வீட்டுக்காரர் பேப்பர் படிக்கும் மூலையில் உட்கார்ந்தார். “நின்னுக்கிட்டுப் பார்த்தா எல்லாம் பக்கத்துல இருக்கிற மாதிரிதான் தெரியும். உட்கார்ந்தாத்தான் நடுவுல எத்தனை சுவரு, எங்க பீரோ நிக்குதுன்னு புரியும். இந்தப் பழைய வீட்டுச் சுவரு ரெண்டடி கனம். சிக்னலுக்கு மூச்சு வாங்கும்” என்றார். உட்கார்ந்த இடத்திலெல்லாம் சாக்பீஸால் தரையில் ஒரு கோடு போட்டார்.

“அக்கா, நீங்க?”

“எனக்கு எதுக்கும்மா? நான் சமையக்கட்டுலயே நிக்கிறவ.”

“சரி, நிக்கிற இடத்தைச் சொல்லுங்க. போன்ல என்ன பார்ப்பீங்க?”

காய் நறுக்கும்போது அரை மணி நேரம் ஒரு பெரியவரின் உபன்யாசம் கேட்பேன் என்று சொன்னேன். சொல்லும்போதே எனக்கு வெட்கமாக இருந்தது. அவர் ஒன்றும் சிரிக்கவில்லை. சமையல் மேடை ஓரமாக மூன்றாவது கோட்டைப் போட்டார். மூன்று கோட்டுக்கும் நடுவே, நடைவழிச் சுவரில், ஆள் உயரத்துக்கு மேல் பெட்டிக்கு இடம் பார்த்தார். அன்று முதல் எனக்கு அவர் வைத்த பெயர் ‘அடுப்படி அக்கா’.

ஊரில் எல்லாரையும் அவர் இப்படித்தான் கூப்பிடுவார் என்று போகப்போகத் தெரிந்தது. வீட்டு நம்பர் அவருக்கு நினைவிருக்காது. ‘ஊஞ்சல் வீடு’ என்பார், ‘மாடிப்படி வாத்தியார்’ என்பார். அந்த வாத்தியார் ஆறாவது படியில் உட்கார்ந்துதான் பிள்ளைகளுக்கு ஆன்லைனில் கணக்கு எடுப்பாராம். யாராவது போன் போட்டு, லைன் போச்சு என்று கத்தினால், “நீங்க யாரு?” என்று கேட்க மாட்டார். “எங்க உட்கார்ந்திருக்கீங்க?” என்பார். உடனே அவருக்கு வீடு தெரிந்துவிடும்.

கோடு போட்டு முடித்த கையோடு மகளிடம் கேட்டார். “பாப்பா, நீ என்னைக்கு உட்காரணும்?”

அவள் தேதியைச் சொன்னாள். அந்த வீட்டில் அதுவரை நாங்கள் மாட்டியிருந்தவை இரண்டே இரண்டு. ஒன்று பெருமாள் படம், மற்றது தினசரிக் காலண்டர். அவர் காலண்டரிடம் போய்த் தாளைப் புரட்டினார். திரும்பி என்னைப் பார்த்தார்.

“அக்கா, அன்னிக்குத்தான் தேரு.”

பால் காய்ச்ச நாள் பார்த்து, நட்சத்திரம் பார்த்து, ராகுகாலம் ஒதுக்கி முகூர்த்தம் குறித்தவர் என் வீட்டுக்காரர். தேருக்காகவே வீடு மாறி வந்தவள் நான். மகள் அந்தத் தேதியை நாலு தடவை சொல்லியிருந்தாள். எங்கள் இரண்டு பேருக்கும் அது உறைக்கவே இல்லை. கே.கே. நகரிலிருந்து பஸ் ஏறி வந்து, தேர் பார்த்துவிட்டுப் போனவர்களுக்கு வயரைப் பற்றி என்ன தெரியும்?

“லைன் எதிர்க் கம்பத்துலேருந்து எடுக்கலாம்னு இருந்தேன்” என்றார் அவர். “தேருக்கு முந்தின நாளு வீதிக்குக் குறுக்க போற வயர் பூராத்தையும் அவுத்துருவோம். கரண்டும் இருக்காது.”

“மொபைல் டேட்டாவுல ஓட்டிக்கிறேன் ஆன்ட்டி” என்றாள் மகள்.

“வீதி நெறய ஜனம், ஆளுக்கொரு போனு. டவர் திணறிரும் பாப்பா.”

மகள் கம்பெனிக்குப் போன் போட்டு வேறு நாள் கேட்டாள். மூன்று மாதம் கழித்துப் பார்க்கலாம், அதுவரை ஆபீஸுக்கு வந்துவிடுங்கள் என்றார்களாம். அவள் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். எனக்குத் தாங்கவில்லை. பெருமாள் படத்துக்கு முன்னால் போய் நின்று, “உன்னைப் பார்க்கணும்னுதானே வந்தேன். நீயே எம் பொண்ணை ஊருக்கு அனுப்பிவைக்கப் பார்க்கிறியே” என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன்.

“அவருகிட்ட எதுக்குக்கா சண்டை?” என்றார் கேபிள் அம்மா பின்னாலிருந்து. “அவரு வர்ற வழியில நாமதான் வயர் கட்டியிருக்கோம். நாமதான் ஒதுங்கணும்.”

கேபிள் அம்மா ஒதுங்கிய விதம் இதுதான். எங்கள் வரிசையிலேயே, வீதி முனையில் ஒரு கம்பம் இருந்தது. அதிலிருந்து எடுத்தால் லைன் வீதியைத் தாண்டாது, தேருக்கு முன்னால் அவிழ்க்கவும் வேண்டாம். ஆனால் ஏழு வீட்டு முகப்புச் சுவரை ஒட்டி வர வேண்டும். ஏழு வீட்டிலும் சம்மதம் கேட்க வேண்டும். ஆறு வீட்டில் தலையாட்டிவிட்டார்கள். எங்களுக்கு அடுத்த வீட்டு மாமி மட்டும் வாசலிலேயே நிறுத்திவிட்டார்.

“எங்காத்துச் சுவத்துல ஆணி கீணி அடிக்கப்படாது. இப்பத்தான் வெள்ளையடிச்சிருக்கு.”

“சரி மாமி, அடிக்கல. நீங்க பேரன்கிட்ட எங்க உட்கார்ந்து பேசுறீங்க?”

“எங்க பேசறது? ரேழியில உக்காந்தா அவன் மூஞ்சி பாதியிலயே நின்னுடறது. வாசப்படிக்கு வந்து கத்த வேண்டியிருக்கு. வீதிக்கே தெரியறது எங்காத்து விஷயம்.”

கேபிள் அம்மா உள்ளே போனார். வாசலை அடுத்த ரேழியில் மாமிக்குப் பக்கத்தில் சம்மணம் போட்டார். இரும்பு பீரோவுக்குப் பின்னால் கிடந்த மாமியின் இன்டர்நெட் பெட்டியை எடுத்துக் கதவு நிலைக்கு மேல் வைத்தார். அவ்வளவுதான். பத்து நிமிஷத்தில் மாமி பேரனோடு மெதுவான குரலில் பேசினார். போனை வைத்துவிட்டு, “ஆணி மட்டும் வேண்டாம், தொங்கவிட்டுண்டு போங்கோ” என்றார்.

அதனால் மாமி வீட்டு முகப்பிலிருந்து எங்கள் வீடு வரை, பிடிமானம் இல்லாமல் வயர் கொஞ்சம் தொய்ந்து தொங்கியது. காற்றடித்தால் எங்கள் வாசல் பக்கம் ஆடும். “தேர் தாண்டுற நேரம் மட்டும் நான் வந்து தொரட்டியால சுவரோட இழுத்துப் பிடிச்சுக்கிறேன்” என்றார்.

“அப்ப நீங்க தேரை நல்லாப் பக்கத்துல பார்ப்பீங்க” என்றேன் நான், பொறாமையோடு.

ஏணியில் நின்றபடியே சிரித்தார். “நானா? பதினெட்டு வருஷமா தேர் அன்னிக்கு இந்த வீதியிலதான் நிக்கிறேன். எல்லாரும் பெருமாளைப் பார்ப்பாங்க. நான் வயரைப் பார்ப்பேன்.”

அவர் அதைக் குறையாகச் சொல்லவில்லை. ஆணியை வாயில் கடித்துக்கொண்டு, விளையாட்டாகத்தான் சொன்னார். ஆனால் எனக்கு அன்று முழுக்க மனசு ஒரு மாதிரி இருந்தது. எல்லாரிடமும் எங்கே உட்காருவீங்க என்று கேட்கிறவர், வேலைக்காக அல்லாமல் எங்கள் வீட்டில் ஒருமுறையும் உட்கார்ந்ததில்லை. காபி கொடுத்தால் நின்றுகொண்டே குடிப்பார். “உட்காருங்கம்மா” என்றால், “ஏணி வெளிய நிக்குதுக்கா” என்பார்.

தேருக்கு நாலு நாள் முன்னால் நான் ஒரு தப்பு செய்தேன். சுவரில் மினுக்மினுக்கென்று எரியும் பெட்டி பார்க்க வெறுமையாக இருந்தது. மகளின் பிழைப்பே அதில்தானே இருக்கிறது என்று, பித்தளைத் தகடு வைத்த பெரிய பெருமாள் படத்தை அதற்கு முன்னால் மாட்டி, பூவும் போட்டுவிட்டேன். மகளுக்கு உடனே சிக்னல் பாதியாகப் போய்விட்டது. கேபிள் அம்மா வந்து பார்த்தார். வீட்டுக்காரர், “இவளுக்கு எத்தனை தடவை சொல்றது?” என்று படத்தை எடுக்கப் போனார்.

“சார், அவரை எடுக்காதீங்க. வந்து நின்னவரை நகர்த்தக் கூடாது. நம்ம பொட்டியை நகர்த்துவோம்” என்றார் அவர். செருப்பில்லாத காலோடு ஏணியில் ஏறி, படத்தைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு, பெட்டியை இரண்டடி தள்ளி மாட்டினார். சிக்னல் வந்துவிட்டது. என்னைப் பார்த்து, “உங்க வேண்டுதல் எல்லாம் பொட்டி தள்ளியிருந்தாலும் அவருக்குக் கேக்கும்க்கா” என்றார்.

தேர் அன்று காலை வீதியில் எங்கே பார்த்தாலும் கோலமும் ஜனமும். குறுக்கு வயர்கள் எல்லாம் அவிழ்க்கப்பட்டு, வானம் அகலமாகத் தெரிந்தது. கரண்டை நிறுத்திவிட்டார்கள். பெட்டிக்குச் சின்ன பேட்டரி ஒன்றைக் கேபிள் அம்மா முந்தின நாளே மாட்டியிருந்தார். சத்தம் உள்ளே போகாமல் இருக்க, மகள் அறையின் ஜன்னலில் இரண்டு போர்வையைத் திணித்தோம். எட்டு மணிக்கு அவள் பெருமாளைக் கும்பிட்டுவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

எட்டரைக்கு, “ரங்கா, ரங்கா” என்ற சத்தம் தெற்குப் பக்கமிருந்து திரும்பியது. தேர் எங்கள் வீதிக்குள் வந்துவிட்டது. கேபிள் அம்மா எங்கள் வாசற்படியில் ஏறி, நீளத் தொரட்டியை உயர்த்தி, தொய்ந்த வயரைச் சுவரோடு சேர்த்துப் பிடித்தார். தலை அண்ணாந்திருந்தது. நான் பக்கத்தில் தேங்காய்த் தட்டோடு நின்றேன். தேர் நெருங்க நெருங்க ஜனமெல்லாம் ஒரே பக்கம் பார்த்துக் கை குவித்தது. இவர் ஒருவர் மட்டும் மேலே பார்த்துக்கொண்டு நின்றார்.

எனக்கு என்ன தோன்றியதோ தெரியவில்லை. தட்டை வீட்டுக்காரர் கையில் கொடுத்துவிட்டு, “அதை இங்க குடுங்க” என்றேன்.

“அக்கா, விளையாடாதீங்க.”

“எம் பொண்ணு வயருதானே? நான் பிடிக்கிறேன். நீங்க இன்னிக்கு ஒரு நாள் பெருமாளைப் பாருங்க.”

“விட்டுட்டீங்கன்னா?”

“பெத்தவம்மா நான். விடுவேனா?”

அவர் என்னை ஒரு நொடி பார்த்தார். தொரட்டியை என் கையில் வைத்து, என் விரலை அதன் மேல் அழுத்தினார். “ரொம்ப இழுத்தா அறுந்துரும். தளரவிட்டா தேர்ச்சீலையில மாட்டிக்கும். இப்படியே இருங்க” என்று சொல்லி ஒரு படி கீழே இறங்கினார்.

சேலையைச் சொருகிக்கொண்டு, தொரட்டிக் கம்போடு, தேர்க்கூட்டத்துக்கு நடுவே நான் நின்ற கோலத்தை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. எனக்குத் தெரிந்ததெல்லாம் ஒரு கறுப்பு வயரும் அதற்குப் பின்னால் நீல வானமும்தான். மரச்சக்கரம் நெரிகிற சத்தம் வந்தது. நிழல் என் மேல் விழுந்தது. தேரில் தொங்கும் துணி வயருக்கு ஒரு முழம் பக்கத்தில் அசைந்தது. அப்போது தேர் நின்றுவிட்டது. நேராக எங்கள் வாசலில்.

“ஏ, பெருமாள் நம்ம வாசல்லயே நிக்கிறாரு! திரும்பிப் பாரு!” என்று வீட்டுக்காரர் கத்தினார்.

“நீங்க பாருங்க. எனக்கும் சேர்த்துக் கும்பிடுங்க!”

“இதுக்குத்தானேடி வீடு மாறி வந்தோம்!”

நான் திரும்பவில்லை. காற்றில் அந்தத் துணி ஒருமுறை பக்கத்தில் வந்து போனது. உள்ளே என் மகள் யாரோ ஒருவரின் வியாதிக்கு நம்பர் போட்டுக்கொண்டிருப்பாள் என்று நினைத்துக்கொண்டேன். வடம் இழுத்தவர்கள் மறுபடி ஒரே குரலாகக் கூவினார்கள். நிழல் மெதுவாக என் மேலிருந்து விலகியது. தேர் போனபிறகும் நான் பிடித்துக்கொண்டேதான் நின்றிருக்கிறேன். கேபிள் அம்மாதான் என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துத் தொரட்டியை வாங்கினார். அவர் கண் கலங்கியிருந்தது. முகம் சிரித்துக்கொண்டிருந்தது.

தேர் நிலைக்குப் போன பிறகுதான் குறுக்கு வயர்களைக் கட்ட முடியும். “பாப்பா வெளிய வரட்டும், பார்த்துட்டுப் போறேன்” என்றார். அப்படிச் சொன்னவர் எங்கள் வாசற்படியில் உட்கார்ந்தார். நான் பானகம் கொண்டுவந்து கொடுத்தேன். எங்கள் வீட்டில் அவர் வேலையில்லாமல் உட்கார்ந்தது அன்றுதான். நாங்கள் மூவரும் உள் அறைக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

பத்து மணிக்குக் கதவு திறந்தது.

“ஒரு தடவைகூட போகலம்மா” என்றாள் மகள். ஓடி வந்து என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். “இங்கேயே இருக்கச் சொல்லிட்டாங்க.”

வீட்டுக்காரர் தேங்காய்த் தட்டை இன்னும் கையிலேயே வைத்திருந்தார்.

“நீ பெருமாளைப் பார்த்தியாம்மா?” என்று மகள் கேட்டாள்.

“நான் எங்க பார்த்தேன்? இவங்கதான் பார்த்தாங்க.”

“எப்படி ஆன்ட்டி இருந்தாரு?”

கேபிள் அம்மா பானகத்தை ஒரு வாய் குடித்தார். “நின்னுக்கிட்டே வர்றாரு பாப்பா. கோயிலுக்குள்ள மூலவரா நல்லா சொகமாப் படுத்திருக்காரு. வீதிக்கு வேலைன்னு வந்துட்டா, பாவம், அவருக்கும் உட்கார நேரமில்ல. நம்ம பொழப்புதான்.”

சொல்லிவிட்டு அவரே முதலில் சிரித்தார். அவருடைய போன் அடித்தது. எடுத்துப் பார்த்து, “ஊஞ்சல் வீடு” என்றார். அடிக்கட்டும் என்று படியில் வைத்துவிட்டார். டம்ளர் காலியாகும் வரை உட்கார்ந்துதான் இருந்தார்.